யாருக்குச் சோறு வைக்கப் போகிறோம்?

சனிக்கிழமை பத்து மணி ஆனால் எங்கள் குயிலாப்பாளையம் தெருவில் சென்னை வண்டிகள் வரத் தொடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவிலுக்குப் போகிற வழி ஊருக்குள்தான் போகிறது. ரொட்டிக் கடை வாசலிலும் வாடகை ஸ்கூட்டர் கடை வாசலிலும் இறங்குகிறவர்களில் யாராவது ஒருவர் எங்கள் வேலியோரம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பார். "இந்தப் பக்கம் சின்னதா ஒரு மனை விலைக்கு வருமாங்க? ரிட்டயர் ஆனதும் வந்துடலாம்னு ஒரு எண்ணம்."

அவர்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வாரம் முழுக்க உழைத்த களைப்போடு வந்து, செம்மண்ணையும் மரங்களையும் பார்த்ததும் முகம் மலர்ந்து நிற்பார்கள். அவர்கள் சொல்லும் கனவு பெரும்பாலும் ஒன்றுதான். ஓடு போட்ட சின்ன வீடு, வாசலில் வேம்பு, பின்பக்கம் முருங்கையும் வாழையும், சாயங்காலம் கடற்கரையில் நடை, அப்புறம் இரண்டு நாய். நாய் எப்போதும் கடைசியில்தான் வரும். அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். ஓய்வு பெற்ற மறுநாள் காலை நம் கையை எதிர்பார்த்து வாசலில் யார் நிற்கப்போகிறார்கள்? வீடு எந்த ஊரில் அமைந்தாலும், பிறகு வரும் நாட்களைப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

இங்கேயே வாழ்கிற எங்கள் வீட்டுக் கனவு எதிர்த்திசையில் போகிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கணவரும் அரசு ஊழியர். 58 வயதில் ஓய்வு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். 2020இல் அது 59 ஆனது, அடுத்த ஆண்டே 60 ஆனது. ஆசிரியர்களுக்குக் கல்வியாண்டு நடுவில் வயது நிறைந்தால் ஆண்டு முடிகிறவரை மறுநியமனமும் உண்டு. ஓய்வு தள்ளிப்போகப் போக அவருடைய கனவு வளர்ந்துகொண்டே வந்தது. காசியில் தொடங்கியது. பூரி சேர்ந்தது, துவாரகை சேர்ந்தது, ஷில்லாங் சேர்ந்தது. நீல அட்டை நோட்டு ஒன்றில் ரயில் எண்ணும் புறப்படும் நேரமும் எங்கே மாறி ஏற வேண்டும் என்பதும் அவருடைய குண்டு குண்டான எழுத்தில் வரிசையாக இருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

அந்த நோட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் வீட்டில் ஒரு கேள்வி எழும். நாம் போய்விட்டால் சிப்பிக்கு யார் சோறு வைப்பது?

சிப்பி எங்கள் நாய். நாட்டு நாய், வெளிர் பழுப்பு. ஒரு ஐப்பசி மழையில் வேலிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அத்தை, அதாவது என் மாமியார், "எடுக்காத, பழகிப்பூடும்" என்று சொல்லிக்கொண்டே தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தார். அதோடு இரண்டு வெள்ளாடு, எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கிற கோழிகள், லட்டு என்கிற பூனை. லட்டு என் மகளுடையது. சென்னையில் வேலை பார்த்தபோது வளர்த்தாள். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் கூண்டோடு கொண்டுவந்து, "ஒரு மாசம்மா, அங்க செட்டில் ஆனதும் கூட்டிக்கிறேன்" என்று விட்டுப் போனாள். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. என்னுடன் வேலை பார்க்கிறவர்கள் வீடுகளிலும் இதே கதைதான். பெங்களூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிற நாயும் பூனையும் கடைசியில் தாத்தா பாட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்கின்றன.

"பூனை வூட்டுக்கு ஆவாது" என்று முதல் வாரம் முழுக்க அத்தை முணுமுணுத்தார். இரண்டாவது வாரம் அது அவர் பாயில் படுத்தது. இப்போது மகள் வீடியோவில் கூப்பிட்டால் முதலில் லட்டுவைத்தான் கேட்பாள். அத்தை பூனையை மடியில் தூக்கி வைத்து, அது என்ன தின்றது, எந்தப் பல்லியை விரட்டியது என்று பேத்திக்கு ஒப்பிப்பார். நலம் விசாரிப்பதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு அரைமணி நேரத்துக்கு நீளும். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் பேசுவதற்கு ஒரு பொருள் வேண்டும். அது அன்றாடம் புதிதாக ஏதாவது செய்கிற பொருளாக இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது!

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஊர் சுற்றும் நாள். பழைய ஆம்னி வண்டியில் பின் இருக்கை அத்தைக்கும் சிப்பிக்கும். வடக்கே திரும்பினால் காலாப்பட்டு, கீழ்ப்புத்துப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை, அப்புறம் மரக்காணம். இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில் வரும். கீழ்ப்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலுக்கும் அதைச் சுற்றியிருக்கிற காட்டுக்கும் ஒரு கும்பிடு போடாமல் அத்தை வண்டியை நகர விடமாட்டார். "அய்யனாருக்கே குதிர வேணும், நாய் வேணும். மனுஷனுக்கு மட்டும் ஒண்ணும் வேணாமா?" என்று ஒருமுறை என் கணவரிடம் கேட்டார். அவர் அப்போது ஷில்லாங்குக்கு எந்த வழியாகப் போகலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பதில் சொல்லவில்லை.

நாயோடு வெளியே போவதற்கென்று சில ஒழுங்குகள் இருக்கின்றன. இந்தக் கடற்கரையில் ஜனவரியிலிருந்து பங்குனிவரை ஆமைகள் முட்டையிட மணலேறும். வனத்துறையும் தன்னார்வலர்களும் ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழியை நாய் தோண்டிவிடும். அந்த மாதங்களில் சிப்பிக்கு மணலில் சங்கிலி உண்டு. கழுவெளிப் பக்கமும் அப்படித்தான். உப்புக்கல்லி ஓடை வழியாகக் கடலோடு கலக்கிற அந்த ஏரியில் 5,151 ஹெக்டேர் பரப்பை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் எங்கிருந்தோ பறந்து வந்து இளைப்பாறுகிற பறவைக் கூட்டத்தை நம் வீட்டுச் செல்லம் ஒரு நொடியில் கிளப்பிவிட்டால், அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. உப்பளத்துக்குப் போனால் நல்ல தண்ணீர் ஒரு குடம் கட்டாயம் எடுத்துப் போவோம். தாகத்தில் பாத்தித் தண்ணீரைக் குடித்தால் நாய் வாந்தியெடுக்கும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

குயிலாப்பாளையத்துச் செம்மண்ணில் புரண்ட நாய் மரக்காணத்து வெள்ளை வரப்பில் நடந்தால் கொஞ்ச தூரத்துக்குச் சிவப்புக் காலடி விழும். உப்பு வாருகிற பெண்கள் அதைப் பார்த்து, "எங்க உப்ப மொளகாத்தூளாக்கிடுச்சி பாரு" என்று சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். அவர்களில் ஒரு அம்மா எனக்கு நல்ல பழக்கம். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி வெயில் ஏறுமுன் வாரி முடிக்கிறவர். ஓய்வு பற்றி நான் யோசிப்பதெல்லாம் அவரிடம் பேசிய பிறகு கொஞ்சம் மாறியது. தை, மாசியில் தொடங்கி ஐப்பசி மழை வருகிறவரைதான் உப்பு. மழை இறங்கினால் பாத்தி முழுக்கத் தண்ணீர், வேலை கிடையாது. சில ஆண்டுகளாக அந்த மாதங்களுக்கென்று அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. வயது ஆனவர்களுக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவர்கள் காணும் கனவுக்கு அவர் வாழ்க்கையில் இடமே இல்லை. மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஆடு இருக்கேம்மா. மழைக்கி உப்பு படுத்துக்கும். ஆடு படுத்துக்குமா?" என்றார். வேலை இல்லாத மாதங்களிலும் அவரைக் காலையில் எழுப்பிவிட ஒரு ஜீவன் இருக்கிறது. அந்த ஆடுகள் அவருக்குச் சேமிப்பும்தான், அவசரத்துக்கு விற்றால் காசு. ஆனால் அவர் அவற்றைப் பற்றிப் பேசியது காசைப் பற்றிப் பேசுகிற குரலில் இல்லை.

மரக்காணத்தைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் இடைக்கழிநாடு, ஆலம்பரைக் கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டையின் மிச்சச் சுவரில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிடுவது எங்கள் வழக்கம். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரை இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாட்டில் வருகிற எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆனால் வகுப்பில் பாடம் நடத்தும்போது நான் நின்று சொல்கிற இடம் வேறு. கொற்கைப் பக்கம் உப்பு வணிகர்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போகிறார்கள். கூடவே, பிள்ளையைப் போல வளர்த்த ஒரு மந்தி. அது முத்துகளைக் கிளிஞ்சல் ஓட்டுக்குள் போட்டு, அந்த வீட்டுக் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. முத்தின் விலை அதற்குத் தெரியாது, குழந்தைகளுக்கும் தெரியாது. இரண்டாயிரம் வருடங்களுக்குச் சற்று முன்பின்னாக, உப்பு விற்கப் போன குடும்பம் ஒரு குரங்கையும் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறது. கவிஞர் அதைக் கண்டு மகிழ்ந்து பாட்டில் வைத்திருக்கிறார். மாணவர்கள் அந்த இடத்தில் மட்டும் தவறாமல் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வளர்ப்புப் பிராணியால் வீடு கலகலப்பாகும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு அது கலகலப்புக்கும் மேலான ஒன்று என்பதற்கு நான் அடிக்கடி சொல்கிற ஒரு நிகழ்ச்சி, அதுல் கவாண்டே 2014இல் எழுதிய 'பீயிங் மார்ட்டல்' நூலில் வருகிறது. 1991இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்கிற சிற்றூரில், எண்பது பேர் இருந்த முதியோர் இல்லம் ஒன்றுக்குப் பில் தாமஸ் என்கிற இளம் மருத்துவர் பொறுப்பேற்றார். மருந்தும் உணவும் சரியாகக் கிடைத்தும் அங்கிருந்தவர்கள் சலிப்பிலும் தனிமையிலும் வாடுவதைக் கண்டார். இரண்டு நாய், நான்கு பூனை, நூறு சின்னக் கிளிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கூண்டுகள் வந்து சேருமுன்னே கிளிகள் வந்துவிட்டன. கொண்டுவந்தவர் நூறு கிளிகளையும் அந்த இல்லத்தின் முடி திருத்தும் அறைக்குள் திறந்துவிட்டுப் போய்விட்டார்! நாளடைவில், எழுந்து நடக்கவே மாட்டார் என்று எண்ணப்பட்டவர்கள் செவிலியரிடம் வந்து, நாயை நடத்திக் கூட்டிப்போக நான் வருகிறேன் என்று சொன்னார்கள். கிளிகள் ஒவ்வொன்றையும் யாராவது ஏற்றுக்கொண்டு பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட இன்னொரு இல்லத்தைவிட மருந்துத் தேவை பாதியாகக் குறைந்தது, இறப்பும் 15 சதவீதம் குறைந்தது. தன்னால்தான் ஒரு உயிர் சாப்பிடுகிறது என்கிற நினைப்பு மனிதரைத் தாங்குகிறது என்பதுதான் அந்த மருத்துவர் கண்டுகொண்டது.

இதைச் சொன்னபோது என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் கோபப்பட்டார். "முப்பத்தஞ்சு வருஷமா எல்லாருக்கும் சோறு வெச்சாச்சு. ரிட்டயர்மென்ட்னா எனக்கு யாருக்கும் சோறு வெக்காம இருக்கிறதுதான். அதுலயும் ஒரு நாயைக் கொண்டாந்து கட்டுறியே?" இந்தக் கேள்வியைப் பல நாட்கள் மனதில் வைத்திருந்தேன். அவர் சொன்னது நியாயம். புருஷனுக்கு, பிள்ளைக்கு, மாமியாருக்கு, விருந்தாளிக்கு என்று வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு, யாரும் தன் கையை எதிர்பார்க்காத ஒரு காலைதான் பெரிய வரம். அவரிடம் போய் நாய் வளர்த்தால் ஆயுள் கூடும் என்று பேசுவது சரியில்லை.

அதனால் என் யோசனையை இப்படித் திருத்திக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் சோற்றுப் பானையை யாராவது எடுக்க வேண்டுமென்றால், அதுவரை எடுக்காதவர் எடுக்கட்டும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வருகிற ஆண்களைப் பாருங்கள். பணிநிறைவு நாளன்று மாலை போட்டுப் பேசி அனுப்புவார்கள். மறுவாரம் அவர் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். வீட்டில் அவர் கையால் எதுவும் நடந்து பழக்கமில்லை. செய்தித்தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, அடுப்படி வாசலில் வந்து நின்று, ஏன் இத்தனை எண்ணெய் என்று கேட்பார். எத்தனை வீடுகளில் இந்தச் சண்டையைப் பார்த்திருக்கிறேன். அவருக்குத்தான் ஒரு நாய் வேண்டும்.

எங்கள் வீட்டில் இது ஓய்வுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. சிப்பியின் சாப்பாடு முழுக்க என் கணவர் பொறுப்பு. சோறு, கோழிக் கழுத்து, கேரட், பூசணி. வெங்காயம் கூடாது, நாய்க்கு அது நஞ்சு. திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே. உப்பு போடுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மழை முடிந்ததும் உண்ணிக்கு மருந்து. இதெல்லாம் நீல நோட்டின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி வளர்ந்து வருகிறது. ரயில்கள் முன்பக்கத்திலிருந்து வருகின்றன. அவர் நாய்க்குச் சமைக்கிற இருபது நிமிடமும் அடுப்படியில் எனக்கு வேலை இல்லை. நான் திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருப்பேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை பதிவானது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் எங்கள் முந்திரி மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர் அத்தை. மதியமே எல்லாவற்றையும் உள்ளே ஏற்றச் சொல்லிவிட்டார். கூடத்தில் ஆடு, சமையலறையில் கூடைக்குள் கோழி, கட்டிலுக்கு அடியில் சிப்பி, பீரோ மேல் லட்டு. கரண்ட் இல்லை. ஆடுகளில் ஒன்று நீல நோட்டை எட்டி இழுத்து ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் துவாரகை முழுக்கப் போயிருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் எழுந்த சிரிப்பைக் கேட்டு, அத்தனை நேரம் நடுங்கிக்கொண்டிருந்த சிப்பி வெளியே வந்தது.

மனை தேடி வருகிறவர்களிடம் நான் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன், அதைக் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கும். நாட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். அறுபத்தைந்தில் குட்டி எடுத்தால், அது கிழடாகும்போது உங்களுக்கு எண்பது. துள்ளுகிற குட்டி முட்டி வலிக்காரரைக் கீழே இழுத்துத் தள்ளும். உங்களுக்குப் பின் அது யார் வாசலில் நிற்கும் என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும். அந்த வயதில் குட்டி வேண்டாம். வளர்ந்த நாயை, யாரும் எடுக்காத ஏழு எட்டு வயது நாயை எடுங்கள். அது உங்கள் நடைக்கு நடக்கும். எடுக்குமுன், அடுத்து இதை யார் பார்ப்பார்கள் என்று ஒரு வீட்டோடு பேசி வையுங்கள். அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை என்றால் கோழி வளர்க்கலாம், தெருவில் இருக்கிற நாய்க்கு ஊரோடு ஒத்துப்பேசி ஒரு இடத்தில் சோறு வைக்கலாம்.

அடுத்த வீட்டோடு அப்படி ஒரு ஏற்பாடு எங்களுக்கு மாட்டுப்பொங்கலில் அமைந்தது. அன்று குயிலாப்பாளையத்தில் மஞ்சுவிரட்டு. கொம்புக்கு வண்ணம் பூசி மாலை கட்டிய மாடுகளைப் பார்க்க ஆரோவிலில் இருந்து வெளிநாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டு மாடுகளுக்கு என் கணவரும் சேர்ந்து வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது. அவர்களுக்குப் பழனி போக வேண்டும், மாட்டுக்கு ஆள் இல்லை. எங்களுக்குக் காசி போக வேண்டும், நாய்க்கு ஆள் இல்லை. அன்றே முடிவானது. அவர்கள் பழனி போய்வந்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் தீனி வைத்ததும் நாங்கள்.

இப்போது எங்கள் முறை. ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும் என்பதால் என் கணவர் காலண்டரில் அந்த நாளை வட்டமிட்டு வைத்திருக்கிறார். அத்தையும் வருவார் என்று மூன்று டிக்கெட் என்றே நினைத்திருந்தோம். அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு கங்கத் தண்ணி மட்டும் கொண்டா. தொணைக்கு பக்கத்து வூட்டுப் பொண்ணு வந்து படுத்துக்கறேன்னிருக்கு. நாய்க்கு நானே வெக்கிறேன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நான் வெச்சா உப்பு போட்டுத்தான் வெப்பேன். உப்பில்லாம ஒரு ஜீவனுக்கு எப்பிடிய்யா சோறு போடறது, அதுவும் மரக்காணத்துக்குப் பக்கத்துல இருந்துகிட்டு?" என்றார். உப்பு ஏன் கூடாது என்று என் கணவர் தினமும் தன் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். நேற்றைய பேச்சுவார்த்தையில் அத்தை ஒரு சிட்டிகைவரை இறங்கி வந்திருக்கிறார்.